மூன்று மிதிக்கு நிற்கும் ஆஸ்டின்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் கோயிலுக்கு வருகிறார்கள், இல்லையென்றால் சேலைக்கு வருகிறார்கள். நான் பிரேக் பழுதுபார்க்க வந்தேன். இந்த ஒரு வாக்கியத்தை ஐந்து நாட்களில் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். முதல் தடவையிலேயே நம்பியவர் ஒருவர்கூட இல்லை.

பேருந்து நிலையத்து ஆட்டோக்காரரில் தொடங்கியது. பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்கடைக்காரர் சபாபதியின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். அவருக்குப் 'பட்டுக்கடை' மட்டும் காதில் விழுந்தது. ஒரு கடை வாசலில் நிறுத்தினார். இது இல்லை என்றேன்.

"இது அத்த விட நல்ல கடைமா. சும்மா பாத்துட்டு வா. பாக்குறதுக்கு இன்னா காசா கேக்குறாங்க?"

"நான் சேலை வாங்க வரலைங்க. கார் பிரேக் சரிபண்ண வந்திருக்கேன்."

அவர் திரும்பி என்னையும் என் பையையும் பார்த்தார். "சரிமா. பிரேக் சரி பண்றவங்களும் சேலை கட்டத்தான செய்வாங்க?" என்று சொல்லி அடுத்த கடைக்கு ஓட்டினார். மூன்றாவது கடையில் மோர் கொடுத்தார்கள். குடித்தேன். நான்காவது நிறுத்தம்தான் சபாபதி வீடு.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தர்ஷினி. இலங்கையில், கண்டியில், பழைய கார்களை மட்டும் பழுதுபார்க்கும் கராஜ் ஒன்றில் வேலை. அப்பாவும் அம்மாவும் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். மோட்டார் வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமாவும் இருக்கிறது. இதை நான் அடிக்கடி சொல்வதாகக் கராஜில் ஒரு பேச்சு உண்டு. இருப்பதைத்தானே சொல்கிறேன்.

எங்கள் கராஜில் பிரேக் வேலைக்கு மட்டும் தனி விதி. வேலை முடிந்ததும் ஒரு தாள் நிரப்ப வேண்டும்: என்ன கோளாறு, என்ன காரணம், கடைசியில் கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர்தான் அந்தக் காரில் போகிற உயிர்களுக்குப் பொறுப்பு. மூன்று வருடமாக நான் பிரேக் வேலை செய்கிறேன்; கையெழுத்தை வேறு யாராவது போடுகிறார்கள். முதலாளி ரஞ்சித் மாத்தையா இந்த முறை சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "தனியாகப் போய் வா. அந்தக் கார் நின்றால் இனி நீயே கையெழுத்துப் போடலாம். நிற்காவிட்டால், பாகங்கள் கழுவுகிற தொட்டி இங்கேதான் இருக்கும், ஓடிப்போகாது."

அந்தக் கார், சபாபதி ஐயாவின் அப்பா வாங்கிய கறுப்பு ஆஸ்டின். இந்தியாவில் அதற்கு உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் நாட்டில் அதே கார் இன்றைக்கும் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறது. ஆகவே இரண்டு முதலாளிகளும் பேசி முடித்த ஏற்பாடு: நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் சிலிண்டர்களை நான் கொண்டுபோய்ப் பொருத்துவது; பதிலுக்கு ரஞ்சித் மாத்தையாவின் மகளுக்குக் கல்யாணச் சேலை. விமான நிலையத்தில் என் உள்பாவாடைகளுக்குள் சுற்றி வைத்த உலோக உருளைகளை அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். உருளைகளைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "காஞ்சிபுரம் போய் சேலை எடுக்காமலா வருவீங்க?" என்றுதான் கேட்டார்.

திங்கட்கிழமை பிற்பகல் சபாபதி ஐயா என்னை வரவேற்ற விதம் இது:

"வாமா, வா. சிலோன் தமிழ்ல ஏதாச்சும் பேசு, கேக்கலாம்."

"பேசிக்கிட்டுத்தானே ஐயா இருக்கேன்."

"இது நம்ப பேச்சு மாரியே இருக்குது. சினிமால வேற மாரி பேசுவாங்களே?"

"அது யாழ்ப்பாணம் பக்கம். நாங்க மலையகம்."

அசல் சரிகை என்று வாங்கி வந்து உரசிப் பார்த்தவர் மாதிரி அவர் முகம் வாடியது. அவர் மனைவி வசந்தாம்மாதான், "வந்த பொண்ணுக்கு மொதல்ல காப்பி குடுக்கலாமா, பரீட்சை வெக்கலாமா?" என்று என்னை உள்ளே அழைத்துப் போனார்.

காப்பி குடித்ததும் காரைக் காட்ட ஒரு சுற்று. சபாபதி ஐயா ஓட்ட, நான் அருகில், வசந்தாம்மா பின்னால். தெரு முனையில் ஒரு மாடு நின்றது. "ஒண்ணு" என்றார் ஐயா. பிரேக் பெடல் பஞ்சு மூட்டையில் கால் வைத்ததுபோல் தரை வரை போனது. "ரெண்டு." பாதியில் கொஞ்சம் தடுத்தது. "மூணு." பிடித்தது. மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். பின் இருக்கையிலும் 'தொம் தொம்' என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

"இவரு மிதிக்கிறது பத்தாதுன்னு நானும் மிதிக்கிறேன்" என்றார் வசந்தாம்மா.

"நிக்குதா இல்லையா, அத்த சொல்லு" என்றார் ஐயா, பெருமையாக. மூன்று மாதமாக இப்படித்தானாம். பாவு தளர்ந்தால் தறியை நிறுத்திவிட்டா போவோம், இழுத்துக் கட்டிக்கொண்டு நெய்வதில்லையா என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தை ஒருவர் மட்டும் ஏற்கவில்லை. தவில் வாசிக்கும் கோவிந்தராஜ். போன மாதம் உறவினர் வீட்டு மாப்பிள்ளை அழைப்பில் இந்தக் கார் இரண்டாவது மிதிக்கும் மூன்றாவது மிதிக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவருடைய கெண்டைக்காலைத் தொட்டது. அவர் தவிலோடு நாதஸ்வரக்காரர் மேல் சாய்ந்தார். இப்போது வியாழக்கிழமை மாலை சபாபதி ஐயாவின் மகன் கார்த்திக்குக்கு மாப்பிள்ளை அழைப்பு, வெள்ளி காலை முகூர்த்தம். கார்த்திக் சென்னையில் மென்பொருள் வேலை. கூரை திறக்கும் வெளிநாட்டுக் கார் ஒன்றை வாடகைக்குப் பேசிவைத்திருந்தான். ஐயாவோ, தன் அப்பாவும் தானும் ஊர்வலம் போன ஆஸ்டினைத் தவிர வேறெதிலும் தன் மகன் போனால் தான் அந்த ஊர்வலத்தில் நடக்கப்போவதில்லை என்று சொல்லியிருந்தார். மூன்று நாள் இருந்தது.

செவ்வாய் காலை தெருவில் நின்ற காருக்குப் பக்கத்தில் கருவிப்பெட்டியைத் திறந்தபோது ஹமீது பாய் வந்தார். ஐம்பது வயது. இருபது வருடமாக இந்தக் காரைப் பார்க்கும் மெக்கானிக். உதவி செய்ய வரவில்லை. வரும்போதே நாற்காலியும் கொண்டுவந்திருந்தார்.

"படிச்சிருக்கியா பேட்டி?" 'பேட்டி' என்றால் உருதுவில் மகள்.

"டிப்ளோமா. மூணு வருஷம்."

"நான் மூணு மாசமா பாத்துக்கினு இருக்கேன். மாஸ்டர் சிலிண்டர் ரப்பரு ரெண்டு தபா மாத்திட்டேன். ஏர் எடுத்தா கல்லு மாரி நிக்குது. ரெண்டு நாள்ல மறுபடியும் பஞ்சு. இதுல ஷைத்தான் பூந்துக்கினு இருக்குது. உன் டிப்ளோமால ஷைத்தானுக்குப் பாடம் இருக்குதா?"

ஏர் எடுப்பது என்றால், பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை ஆயிலோடு சேர்த்து வெளியேற்றுவது. ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். பெடல் பஞ்சாக இருந்தால் எங்கோ காற்று இருக்கிறது. இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சந்நிதி. பேட்டரிக்குப் பொட்டு, ரேடியேட்டர் மூடிக்குப் பொட்டு, பிரேக் ஆயில் டப்பாவின் மூடி முழுவதும் சந்தனம், நடுவில் குங்குமம். பிள்ளையார்பாளையத்தில் வெள்ளிக்கிழமை தறிக்குப் பொட்டு வைப்பார்கள். தறியில் வேலை செய்கிற ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக. வசந்தாம்மா இருபது வருடம் தறியில் உட்கார்ந்தவர். வீட்டில் தறி போய்விட்டது, வெள்ளிக்கிழமை போகவில்லை. அதோடு, எது பழுதாகித் திரும்பி வந்தாலும் அதற்கும் ஒரு பொட்டு.

"எது வேல செய்யுதோ அதுக்கு வெப்பேன். சும்மா இருக்குறதுக்கு வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். "அதான் இவருக்கு வெக்கிறதில்ல."

ஆயில் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடைக்க வேண்டும், தூசி உள்ளே விழக்கூடாது என்பது எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மண்ணெண்ணெய்த் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தேன். தெருவில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் ஓரடி பின்னால் போனார்கள்.

"ஐயையோ" என்றார் ஹமீது பாய். "மூணு மாசமா நான் ரெண்டு வெரலால ஓரத்த புடிச்சு, பொட்டு கலையாம தொறந்து மூடிக்கினு இருக்கேன். அவங்க சாமி சமாச்சாரம், நம்ப கை வெக்கக்கூடாதுன்னு. நீ வந்த ஒடனே வழிச்சிப் போட்டியே!"

நான் அசையவில்லை. படித்தவள் முறைப்படிதான் செய்வாள் என்பதாக ஒரு முகத்தை வைத்துக்கொண்டு சக்கரங்களைக் கழற்றினேன். இடது பின் சக்கரத்து சிலிண்டரில் லேசான கசிவு தெரிந்தது. "இதுதான் காரணம்" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தேன். நான்கு சக்கரத்துக்கும் புது சிலிண்டர் பொருத்தினேன். ஏர் எடுக்கும்போது பெடலை மிதிக்க ஒருவர் வேண்டும். ஹமீது பாய் நாற்காலியில் இருந்து எழவில்லை. வசந்தாம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கால் இருபது வருடம் பழகிய தறியின் தாளத்தில் போனது: மிதி, விடு, மிதி, விடு.

"அம்மா, மிதிச்சு அப்படியே பிடிச்சிருக்கணும். நான் சொன்னாத்தான் விடணும்."

"புடிச்சிக்கினு உக்காந்தா சேலை எப்ப முடியறது?"

பதினைந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார். நான் வேலை வாங்கியவர்களிலேயே நல்ல கால் அவருடையது. மதியத்துக்கெல்லாம் பெடல் கல் மாதிரி நின்றது. தெருவில் ஓட்டி ஒரே மிதியில் நிறுத்திக் காட்டினேன். வசந்தாம்மா சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். "நீ செஞ்ச வேல. நீயே வை."

வைத்தேன். எங்கள் ஊரிலும் வாகனத்துக்குப் பொட்டு உண்டு. எனக்கு இதில் கொள்கைச் சிக்கல் எதுவுமில்லை. காலையில் துடைத்ததற்கு ஈடாக, ஆயில் மூடி நிறையக் கட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் அழுத்தி, அதைப் படமெடுத்து முதலாளிக்கும் அனுப்பினேன். உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அன்று பிற்பகல் கடையில் முதலாளி மகளின் சேலையைத் தேர்ந்தெடுத்தபோது, விற்பனையாளர் நாற்பது சேலைகளை விரித்தார். பிரேக்கை முடித்துவிட்ட பெண்ணுக்குரிய நிதானத்தோடு நாற்பதையும் பார்த்தேன்.

புதன் காலை வெற்றிப் பயணம். ஓரிக்கைப் பக்கம், பாலாற்றங்கரை வரை. ஐயா ஓட்டினார், நான் அருகில், ஹமீது பாய் பின்னால், நாற்காலி இல்லாமல். வழியில் காஞ்சிபுரம் இட்லி. மிளகும் சுக்கும் சீரகமும் போட்டு, இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைத்து, வெட்டித் துண்டாகக் கொடுக்கிறார்கள். எங்கள் தோட்டத்து ரொட்டியைப் போலவே, தின்கிறவரிடம் வேலை வாங்கும் உணவு. அதன்பின் தேநீர். எங்கள் அம்மா கொழுந்து பறித்து அனுப்புகிறார்; இங்கே பாலை நன்றாகக் காய்ச்சி, சர்க்கரையை நன்றாகப் போட்டு, அதற்குத் தேயிலையைத் தூரத்தில் இருந்து ஒருமுறை காட்டுகிறார்கள். "சிலோன் பொண்ணு, எப்படி இருக்குது டீ?" என்றார் கடைக்காரர். பால் நன்றாக இருக்கிறது என்றேன்.

திரும்பும்போது சாலையோரம் ஒரு அம்மா இளநீர் குவித்து வைத்திருந்தார். குடிக்கலாம் என்று ஐயா பிரேக்கை மிதித்தார். பெடல் தரைக்குப் போனது. "ஒண்ணு" என்றார், தன்னையறியாமல். "ரெண்டு" என்றோம் எல்லோரும். மூன்று சொல்வதற்குள் கார் இளநீர்க் குவியலுக்குள் போய் நின்றது. காய்கள் சாலை முழுக்க உருண்டன.

அந்த அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. "இளநீ வேணும்னா எறங்கி வந்து கேக்கக்கூடாதா? வண்டியோடவா உள்ள வரணும்?"

காய்களைப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்துவிட்டு ஆளுக்கு இரண்டு குடித்தோம். ஹமீது பாய் மெதுவாக உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "என் வேல ரெண்டு நாளு தாங்குச்சு. உன் வேல ஒரு நாளு. டிப்ளோமா இன்னா சொல்லுது பேட்டி?"

டிப்ளோமா ஒன்றும் சொல்லவில்லை. மதியம் மறுபடி ஏர் எடுத்தேன். இந்த முறை மூடியை நானும் இரண்டு விரலால், பொட்டு கலையாமல் திறந்தேன். துடைத்ததற்கு வாங்கிய பார்வை போதும் என்று இருந்தது. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி ரப்பரைப் பார்த்தேன். ஹமீது பாய் போட்ட ரப்பர் புதிது, பொருத்தியதிலும் ஒரு குறை இல்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மாட்டியதும் பெடல் கல்.

மாலையில் கோவிந்தராஜ் சோதனைக்கு வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு தெரு நடுவில் நின்று, "வாங்க" என்றார். ஓட்டிப்போய் அவருக்கு மூன்றடி முன்னால் ஒரே மிதியில் நிறுத்தினேன். அவர் அசையவில்லை.

"கெளம்பறப்ப நிக்கும். அன்னைக்கும் நின்னுது. நாளைக்கு நாலு தெரு சுத்தணும். எங்க, நாலு தெரு சுத்திட்டு வந்து எனக்கு முன்னாடி நிறுத்து, பாக்கலாம்."

மூன்றாவது தெருவிலேயே பெடல் மெத்தென்றது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு நடந்து திரும்பினேன். கோவிந்தராஜ் பைக்கை உதைத்துக் கிளம்பினார். கார்த்திக் தொலைபேசியோடு ஓரமாகப் போனான். "அப்பா, இதுல சென்டிமென்ட்லாம் வேணாம்பா. சேஃப்டி" என்று அவன் சொன்னது கேட்டது. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்டின் தயாராகாவிட்டால் வெளிநாட்டுக் கார். ஐயா 'சரி' என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

'எப்படிப் போகிறது?' என்று முதலாளி செய்தி அனுப்பினார். கோபுரத்தின் படம் ஒன்றை அனுப்பினேன். 'அழகாக இருக்கிறது' என்றார்.

வியாழன் விடிந்ததும் பானட்டைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். செய்ய வேறு எதுவும் மிச்சமில்லை. பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் தொடங்கியிருந்தது. பிரேக் ஆயில் மூடியில் நான் அப்பிய சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. அதன் நடுவில், குங்குமத்துக்குள், ஒரு சின்னக் குழி. குண்டூசித் தலை அளவு. நான் அழுத்திய விரல் அதைவிடப் பத்து மடங்கு பெரிது. யாரும் குத்தவில்லை. உள்ளே இருந்து ஏதோ அதை இழுத்திருந்தது.

அந்த மூடியின் நடுவில் ஓர் ஓட்டை உண்டு. ஆயில் கீழே இறங்கும்போது அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டுமே, அதற்காக. அதை அடைத்துவிட்டால் ஆயில் இறங்க முடியாது. பெடலை மிதித்து விடும் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் ஆயிலுக்குத் தவித்து, கடைசியில் ரப்பரின் ஓரம் வழியாக வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மூடியைத் திறந்து ஏர் எடுத்தால் சரியாகிவிடும். மூடினால் மறுபடி ஆரம்பிக்கும். நான் இதைப் படித்திருக்கிறேன். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. சரியாக எழுதியும் இருக்கிறேன்.

காப்பியோடு வந்த வசந்தாம்மாவிடம் ஓர் ஊசி கேட்டேன். தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். குழியில் குத்தினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. அவருக்கும் கேட்டது.

மூடியைச் சுத்தமாகக் கழுவி, ஏர் எடுத்து, அவரையே பெடலில் உட்கார வைத்தேன். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, "உங்க தறி மிதி மிதிங்க" என்றேன். மிதி, விடு, மிதி, விடு. முப்பது மிதியில், "மெத்துனு போவுதுமா" என்றார். மறுபடி ஏர் எடுத்து, ஓட்டையைத் திறந்து விட்டு மிதிக்கச் சொன்னேன். நூறு மிதித்தார். கல்.

அவர் காரில் இருந்து இறங்கவில்லை. "ஹமீது பாய் ஒவ்வொரு தபா சரி பண்ணிட்டுப் போனப்பறம் நான்தான வெச்சேன்" என்றார். "அப்ப கோவிந்தராஜ் கால இடிச்சது நானா?"

தெருவில் ஐயாவும் ஹமீது பாயும் வந்துகொண்டிருந்தார்கள். கோவிந்தராஜ் பின்னால் பைக்கில். முடிவு தெரிந்துகொண்டு போக வந்திருந்தார். எனக்கு யோசிக்க அரை நிமிடம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வைத்த குங்குமத்தால் கார் நிற்காமல் போனது என்று ஒரு சொல் வெளியே போனால், அது பிள்ளையார்பாளையத்தின் அத்தனை தறிகளையும் தாண்டி மதியத்துக்குள் பெண் வீட்டுக்குப் போய்விடும். 'ரப்பர் கோளாறு' என்று சொல்லலாம். டிப்ளோமாக்காரி சொன்னால் நம்புவார்கள், கையெழுத்தும் எனக்குக் கிடைத்துவிடும். ஆனால் குறையில்லாத ரப்பரைப் போட்டவர் எதிரே நிற்கிறார். மேலும், காரணம் தெரியாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை மூடியில் மறுபடி சந்தனம் ஏறும்.

"மூடியில காத்து ஓட்டை இருக்கு" என்றேன். "முந்தாநாள் நான் சந்தனத்தை அப்பி அதை அடைச்சுட்டேன். நேத்து நடந்தது எல்லாம் என்னால. உங்க ரப்பர் நல்லா இருக்கு பாய்."

ஹமீது பாய் மூடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைப் பார்த்தார். அப்புறம் காருக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்த வசந்தாம்மாவைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"மூணு வருஷம் படிச்சு ஓட்டைய அடைக்கக் கத்துக்கினு வந்துக்கிறா" என்று சத்தமாகச் சொன்னார். தெருவே சிரித்தது. வசந்தாம்மாவின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

நாலு தெருவுக்குப் பதில் எட்டுத் தெரு சுற்றி வந்து கோவிந்தராஜுக்கு முன்னால் நிறுத்தினேன். மணி பதினொன்று. கார்த்திக் தொலைபேசியில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாலை ஊர்வலத்தில் கோவிந்தராஜ் காரைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தே தவில் வாசித்தார். கண் பம்பரை விட்டு அகலவில்லை. கோட்டும் மாலையுமாகக் கார்த்திக், தொலைபேசியில் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டு வந்தான். இரண்டாவது தெருவில், குழல்விளக்குச் சுமந்து வந்த பெண்களில் ஒருவர் கால் இடறிக் கோவிந்தராஜுக்கும் காருக்கும் நடுவில் வந்துவிட்டார். ஐயா மிதித்தார். கார் அந்த இடத்திலேயே நின்றது. கார்த்திக்கின் மாலை மூக்கு வரை ஏறி வந்தது. ஐயா பழக்கதோஷத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் மிதித்தார். பின் இருக்கையில் வசந்தாம்மாவும் மிதித்தார். கார் முதல் மிதியிலேயே நின்றுவிட்டதை இருவரும் கவனிக்கவில்லை.

கோவிந்தராஜ் பம்பரைப் பார்த்தார். இடையில் இருந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தார். பிறகு உடம்பைத் திருப்பி, காருக்கு முதுகைக் காட்டி, முன்னோக்கி நடந்தார். அதன்பின் வாசிப்பு வேறு மாதிரி இருந்தது.

வெள்ளி காலை முகூர்த்தம் முடிந்து, மண்டபத்தில் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து கராஜ் தாளை நிரப்பினேன். கோளாறு: மெத்தென்ற பெடல். காரணம்: ஆயில் மூடியின் காற்று ஓட்டையில் சந்தனம். வைத்தவர், தர்ஷினி. கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டேன். செவ்வாய்க்கிழமை அனுப்பிய பொட்டுப் படத்தை முதலாளி மறந்திருக்க மாட்டார். நிறுத்தியவளே நிற்காமலும் செய்தவள் என்றால் பேச்சு முடிந்தது.

பாயசக் கிண்ணத்தோடு பின்னால் நின்ற ஹமீது பாய் உரக்கப் படித்தார். "இது ஒரு நாள் கதைதான?" என்று பேனாவை வாங்கி, அதன் கீழ் எழுதினார்: 'மூன்று மாதம் துடைக்காமல் திறந்தவர், ஹமீது.' மருமகளைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு வசந்தாம்மா வந்தார். கணவரும் கூடவே. வசந்தாம்மா தாளை வாங்கிப் படித்தார். கையில் ஒட்டியிருந்த குங்குமத்தை முந்தானையில் துடைத்துவிட்டு, மூன்றாவது வரியை எழுதினார்: 'மூன்று மாதம் வைத்தவர், வசந்தா.'

"நீயா?" என்றார் ஐயா.

"நான்தான். நீங்க ஓட்ற லட்சணத்துக்கு பொட்டு வெக்காம விட முடியுமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இனிமே எதுக்குத்தான் வெக்கிறது, சொல்லிட்டுப் போ."

"ஹாரனுக்கு வைங்கம்மா" என்றேன். "அது அடைச்சுக்கிட்டா ஊருக்கே நல்லது."

தாளைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் வரவில்லை. கல்யாணச் சேலையைப் பையில் அடுக்கி முடித்தபோது சிங்களத்தில் ஒரு செய்தி: 'காரணம் எழுதுகிற இடத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். கையெழுத்துக் கட்டத்தில் யாருமில்லை. அந்தக் காரை நிறுத்தியது நானா?'

வழியனுப்ப வந்த ஹமீது பாயிடம் தங்கிவிட்ட என் பேனாவைத் திரும்ப வாங்கினேன். எங்கள் கராஜ் தாளில் அந்தக் கட்டம் மிகச் சிறியது. இதுவரை அதில் போட்டவர்கள் எல்லோரும் கிறுக்கிவிட்டுப் போனவர்கள். நான் அப்பாவின் முதலெழுத்தோடு பெயரை முழுதாக எழுதினேன். கடைசி இரண்டு எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.